நிறுத்தி வைத்து எடுத்த அளவு

என் அத்தானுக்கு ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் பிடிக்காது. குழாய் ஓடினால் மூடுவார். மின்விசிறி சுற்றினால் நிறுத்திவிட்டு இறக்கையில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருவர் கோர்வையாகப் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் கையை நீட்டி, "இரு, முதல்ல சொன்னது எந்தக் கிழமை?" என்று கேட்டு, அந்தப் பேச்சைக் கொன்றுவிட்டுத்தான் மேற்கொண்டு கேட்பார். அக்காவைக் கட்டிக்கொண்டு முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் இப்போது சின்னச் சின்ன வாக்கியங்களாகவே பேசுகிறாள், அவர் கை நீளுவதற்குள் முடிந்துவிடும்படி.

தண்ணீர் இலாகாவில் மீட்டர் படிப்பவராக முப்பத்தோரு வருஷம் இருந்தார். தெருவில் 'மீட்டர்' என்றுதான் அவருக்குப் பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் வாசலில் நின்றபடியே எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு நாளைக்கு அறுபது வீடு முடியும். இவர் இருபத்திரண்டு வீடு. மணியடிப்பார், "வீட்ல இருக்கிற எல்லாக் குழாயையும் மூடுங்க" என்பார். சோப்பு நுரையும் கையுமாக மனிதர்கள் காத்திருப்பார்கள். முள் அசையாமல் நின்ற பிறகு மண்டியிட்டு, வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுவார். கேட்டால் ஒரே பதில்: "ஓடும்போது எடுக்கிறது அளவு இல்ல, உத்தேசம்."

மீட்டரில் இலாகா போட்ட ஈய முத்திரையை உடைத்தவர்களை அவர் விட்டதே இல்லை. நூற்றுப் பதினான்கு பேரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒருவர் அவருடைய சொந்தச் சித்தப்பா. அந்த வீட்டில் இன்றுவரை இவருக்கு ஒரு வாய் தண்ணீர் கிடையாது. அதையும் பெருமையாகத்தான் சொல்வார். பிறகு ஈயத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தபோது, முத்திரை குத்தும் பழைய குறடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, பிறர் கோப்பையும் பொம்மையும் வைக்கும் கூடத்து அலமாரியில் வைத்தார். கூடவே ஒரு டப்பா நிறைய ஈயத் துண்டும் கம்பியும். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொண்டுபோய், 'நாளொன்றுக்கு நாற்பது விநாடி பிந்துகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அலுவலகம் அதற்குப் பிறகு அவரை எதற்கும் கூப்பிடவில்லை.

அந்த அலுவலகம் ஏலம் விட்ட பிக்கப்பைத்தான் அவர் வாங்கினார். பதினெட்டு வருஷத்து வண்டி. ஆட்டோமேட்டிக். ஒரு காலத்தில் வெள்ளை, இப்போது பழைய பல்லின் நிறம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் அவர் நடந்த முப்பத்தோரு வருஷத்தில் அந்த இலாகாவின் எந்த வண்டியிலும் யாரும் அவரை ஏற்றிக்கொண்டதில்லை. அந்த வஞ்சத்துக்கு வாங்கினார் என்று நினைக்கிறேன். வாங்கி, ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று போர்வை போட்டுக் கொட்டகையில் ஒரு வருஷம் நிறுத்தினார்.

போர்வையை உருவியவள் அக்கா. பின்கட்டில் இரண்டு பெரிய சலவை இயந்திரம் போட்டு, விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பது வயதில், பக்கத்துத் தெருக் காய்கறி வேன்காரரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியின் துணி வேலையைப் பிடித்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நூற்று நாற்பது விரிப்பு, காலை ஆறு மணிக்குள் கிடங்கில் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. அத்தானும் கூடவே போவார். உதவிக்கு அல்ல, வேகமானியைப் படிக்க. தெருவில் எல்லோரும் அதை 'அக்கா வண்டி' என்று சொல்ல ஆரம்பித்தது அவருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

இந்தமுறை மூன்று வாரம் விடுப்பில் நான் வந்திருந்தபோது, செவ்வாய்க்கிழமை விடியலில் அவர்களோடு மலைக்குப் போனேன். அடிவாரம் தாண்டி முதல் வளைவில் இன்ஜின் திடீரென்று ஓலமிட்டது. வண்டியோ சேற்றில் நடப்பதுபோல் நகர்ந்தது. அக்கா காலை எடுத்து மறுபடி மெதுவாக அழுத்தினாள். ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. பிறகு மறுபடி ஓலம். பின்னால் இரண்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தன.

"பதினெட்டு," என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த அத்தான். "பதினஞ்சு. பன்னெண்டு."

"வாய மூடிக்கிட்டு வாங்க," என்றாள் அக்கா. "இல்லன்னா இறங்கித் தள்ளுங்க."

"நான் சொல்லலன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடி இருக்கிற பஸ்காரன் சொல்றான்."

நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். கிடங்குக்காரர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "அம்மா, இது ரெண்டாவது தடவை. ஆபரேஷனுக்குத் துணி இல்லன்னு டாக்டர் என்னைத்தான் கேக்கறாரு. இந்த வாரம் மிச்ச நாளைக்கு எப்படியாவது சமாளிங்க. திங்கக்கிழமை உங்க வண்டி ஆறு மணிக்கு இங்க நிக்கலன்னா நான் வேற ஆளைப் பாத்துடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அக்கா தலையாட்டினாள். மலை இறங்கும்போது ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்முட்டிகள் வெளுத்திருந்தன.  அத்தான் மட்டும் நிதானமாக இருந்தார். நோய் யாருக்கு வந்தாலும் தெர்மாமீட்டர் தன் கையில் இருந்தால் போதும் என்று இருக்கிற நிதானம் அது.

வீட்டுக்கு வந்ததும் காரணம் தெரிந்தது. அவர் ஏற்கெனவே வண்டியை ஒரு பட்டறையில் காட்டியிருந்தார். அங்கிருந்தவன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பெட்டி போச்சு" என்று சொல்லியிருக்கிறான். கியர்பெட்டியைத்தான். அவ்வளவுதான் பரிசோதனை.

"சனிக்கிழமை நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிட்டேன்," என்றார். "எடைக்குப் போட்டுடலாம்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"வண்டி யார் பேர்ல இருக்கு? நீ மிதிச்ச மிதியில பெட்டி போச்சு. அளவா மிதிக்கத் தெரியாதவங்க கையில மெஷினைக் கொடுத்தா இப்படித்தான்." என்னைப் பார்த்துத் திரும்பினார். "மாப்ளே, நீ படிச்சவன். இதைப் பாரு, என் பக்கத்துல ஒரு குறையும் இல்லன்னு உனக்கே தெரியும்."

நீண்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். நாலு மாதம் முன்பு பெட்ரோல் போடும் இடத்தில் யாரோ இந்த வண்டியில் இன்ஜினுக்கு ஒன்று, கியர்பெட்டிக்கு ஒன்று என இரண்டு அளவுக்கம்பி இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் ஒரு அளவு தன் கண்ணில் படாமல் இருந்ததா என்று இவர் பதறிப்போய்விட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு வண்டி குளிர்ந்து நிற்கும்போது, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எழுதி வைத்திருக்கிறார். முதல் வாரமே எண்ணெய் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றிருக்கிறது. இலாகாவில் எவனோ கண்மூடித்தனமாக ஊற்றியிருக்கிறான் என்று தீர்மானித்து, பெரிய ஊசிக்குழாயில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, வாரம் நூற்றைம்பது மில்லி உறிஞ்சி எடுத்திருக்கிறார். பதினாறு வாரம். கடைசி ஞாயிறு எண்ணெய் கோட்டில் அச்சாக நின்றிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலில் 'சரி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கம்பியையும் உருவி என் முகத்துக்கு எதிரே நீட்டினார், தலையாட்டினேன். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெட்டி வழுக்கினால் என்ன அர்த்தம் என்று போனில் தேடியதில், ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்லி என் கலக்கத்தைத்தான் கூட்டினார்கள். நோட்டு அழகாக இருந்தது என்பதோடு நான் விட்டுவிட்டேன். படித்தவன் செய்த வேலை அது.

இரண்டு நாள் காய்கறி வேனில் துணி போனது. வியாழன் மாலை வேன்காரர், "வெள்ளிக்குப் பிறகு என்னால முடியாதும்மா, சந்தை இருக்கு," என்றார். கூடவே, "பெட்டின்னா மோப்பம்கிட்ட போங்க. அவரு போச்சுன்னா போச்சு. இருக்குன்னா இருக்கு," என்றும் சொன்னார்.

மோப்பம் என்ற அந்த மெக்கானிக்கின் பட்டறை, மரக்கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. சுவரெல்லாம் கழற்றிய பெட்டிகளின் வயிற்றுப் பாகங்கள் வரிசையாகத் தொங்கின. பருத்த உடம்பு, குட்டைக் கழுத்து, நூல் கட்டிய கண்ணாடி. எதையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் பேசுவார் என்பதால் அந்தப் பெயர். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் போனபோது அத்தானும் வந்தார், மடியில் ஒரு மரப்பெட்டியோடு. வண்டி செத்துவிட்டது என்பதற்கு யாரும் மாற்றுச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

"என்ன பண்ணுது?" என்றார் மோப்பம்.

"இது பதினெட்டு வருஷம் மூணு மாசம் ஆன வண்டி," என்று அத்தான் தொடங்கினார். "வாங்கின தேதியில ஓடியிருந்த தூரம் வந்து..."

"ஓட்டறது யாரு?"

"நான்," என்றாள் அக்கா.

"அப்ப நீங்க சொல்லுங்கம்மா."

"ரிவர்ஸ் போட்டா யோசிக்குது. மூணு செகண்ட். ரெண்டாவதுலருந்து மூணாவது மாறும்போது இன்ஜின் மட்டும் கத்துது. வண்டி போகல. மேட்டுல மோசம்."

"திடீர்னா?"

"இல்ல. மூணு மாசமா. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட."

"வாரத்துக்கு வாரமா?" மோப்பம் முதல்முறையாகக் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். "பெட்டி கெடறப்ப நாள்காட்டி பாத்துக் கெடாதே."

வண்டியை எடுத்துக்கொண்டு போய் கால்மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். சமதளத்தில் நிறுத்தினார், இன்ஜினை நிறுத்தவில்லை. பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நிறுத்தி நகர்த்தி, கடைசியில் பார்க்கில் போட்டு இறங்கினார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவினார். துடைத்து விட்டு, மறுபடி உருவிக் காட்டினார். நுனியில் மட்டும் சோப்பு நுரை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மற்றபடி கம்பி காய்ந்து கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று அத்தான் ஓடி வந்தார். "ஓடும்போது எடுத்தா எப்படிப்பா? முதல்ல இன்ஜினை நிறுத்துங்க."

மோப்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, நிறுத்தினார். டீ வந்தது. குடித்து முடித்து ஒரு மணி நேரம் போன பிறகு, "இப்ப நீங்க எடுங்க சார்," என்றார்.

அத்தான் வெள்ளைக் கைக்குட்டையை உருவினார். கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "பாத்தீங்களா. கோட்டுக்கு மேல ஒரு முடி இல்ல, கீழ ஒரு முடி இல்ல."

"இதுக்கு முன்னாடி மேல இருந்துச்சோ?"

"ரெண்டு விரல். நான்தான் சரி பண்ணேன்." நோட்டை நீட்டினார். மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே மூடி போட்ட பதினாறு ஜாம் பாட்டில், ஒவ்வொன்றிலும் அதே அளவு சிவப்பு எண்ணெய், ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு. "இலாகாக்காரன் பண்ண தப்புக்கு ஆதாரம். ஒரு சொட்டு நான் வீணாக்கல."

மோப்பம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை படித்தார். அத்தானின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நோட்டுகளை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். மோப்பம் நோட்டை மூடினார்.

"சார், முப்பது வருஷத்துல பெட்டியைக் கெடுத்தவங்களை நிறையப் பாத்துட்டேன். தேதி போட்டுக் கெடுத்தவரை இப்பதான் பாக்கறேன்."

பிறகு கம்பியை என்னிடம் கொடுத்தார். "தம்பி, கைப்பிடிக்குக் கீழ பொடி எழுத்துல அடிச்சிருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். எண்ணெய் சூடாக இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கியர் பார்க்கில் இருக்கும்போது பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் திருப்பிச் சொன்னேன். சொல்லும்போதே, செவ்வாய்க்கிழமை இந்தக் கம்பி கொட்டகையில் என் முகத்துக்கு எதிரே நீட்டப்பட்டதும் நான் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது.

"இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவுல உருண்டையா ஒண்ணு இருக்கு," என்று மோப்பம் அக்காவிடம்தான் சொன்னார். "வண்டி ஓடும்போது எண்ணெய் அதுக்குள்ள ஏறி நிக்கும். நிறுத்தினா கீழ வடிஞ்சிடும். நிறுத்திட்டுப் பாத்தா நிறைய இருக்கிற மாதிரிதான் காட்டும். அதை நம்பி எடுத்துட்டா, ஓடும்போது பெட்டிக்கு எண்ணெய் இருக்காது. பம்பு காத்தைக் குடிக்கும். பிளேட்டு பிடிக்காது, வழுக்கும். உங்க கால் மேல தப்பே இல்லம்மா."

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "கம்பியில எழுதியிருக்கே. நீங்க படிக்கலயா?"

படிக்கவில்லை, கண் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

"படிச்சேனே," என்றார் அத்தான். "முதல் வாரமே படிச்சேன். ஓடிக்கிட்டிருக்கிற மெஷின்ல அளவெடுக்கச் சொல்றவனுக்கு அளவைப் பத்தி என்ன தெரியும்?"

 மோப்பம் போய் நீண்ட குழாய் மாட்டிய பிரஷர் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் பக்கவாட்டில் திருகினார். வட்ட மீட்டர், வெள்ளை முகம், கறுப்பு முள். அதைப் பார்த்ததும் அத்தானின் கை தானாகவே கைக்குட்டைக்குப் போனது.

"நீங்கதான் மீட்டர் படிக்கிறவராமே. படிங்க," என்று சொல்லி இன்ஜினைப் போட்டார். முள் கீழ்க்கோட்டுக்கும் கீழே காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது.

"நிலையா நிக்கல. நிறுத்தினாத்தான் படிக்க முடியும்."

மோப்பம் நிறுத்தினார். முள் கீழே விழுந்து படுத்தது. "இப்ப நிலையா நிக்குதா? என்ன காட்டுது?"

"ஜீரோ."

"எழுதிக்கங்க."

அத்தான் உண்மையிலேயே எழுதினார். எழுதிவிட்டு, "ஜீரோவும் ஒரு அளவுதான்," என்றார்.

மோப்பம் அக்காவைப் பார்த்தார். "எத்தனை வருஷமாம்மா?"

"முப்பத்து மூணு."

"பெரிய மனசு உங்களுக்கு."

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, புனல் வைத்து, அந்த ஜாம் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திருப்பி ஊற்றினார். ஒன்பதாவது பாட்டிலில் முள்ளின் நடுக்கம் குறைந்தது. பதிமூன்றில் கீழ்க்கோட்டைத் தாண்டியது. பதினாறில் நடுவில் போய் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் முள் அசையாமல் நிற்பதை அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எழுதவில்லை.

"பிரஷர் வந்துடுச்சு," என்றார் மோப்பம். "ஆனா எண்ணெயில கருகின வாசனை இருக்கு. மூணு மாசம் காஞ்சு ஓடியிருக்கு. பிளேட்டு எவ்வளவு எரிஞ்சிருக்குன்னு அடியில ஆயில் தட்டைக் கழட்டினாத்தான் தெரியும். அதிகம்னா பெட்டியை இறக்கணும். பத்து நாள்."

"பத்து நாள் கிடையாது," என்றாள் அக்கா. "திங்கக்கிழமை ஆறு மணி."

"நாளைக்கு மத்தியானம் வாங்க."

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் மூவரும் போனோம். வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. எண்ணெயை வடித்துவிட்டு, தட்டைக் கழற்றி, ஒரு பழைய வெள்ளைத் துணிமேல் வைத்திருந்தார் மோப்பம். தட்டின் மூலையில் வட்டமான காந்தம். இரும்பு உதிர்ந்தால் பிடித்துக்கொள்ள அது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் பசை படிந்திருந்தது. அவர் அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். அக்கா அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"நெறுநெறுன்னு இல்ல," என்றார். "மாவு மாதிரி இருக்கு. இது இந்த வயசுக்கு எல்லாப் பெட்டியிலயும் இருக்கறதுதான். கருப்புத் தூள் கொஞ்சம் இருக்கு. மூணாவது கியர் பிளேட்டு பாதி ஆயுசைக் கொடுத்துட்டு நிக்குது. ஆனா நிக்குது. ஃபில்டர் மாத்தி, புது கேஸ்கெட் போட்டு, புது எண்ணெய் ஊத்தினா ஓடும்." பிறகு அத்தானைப் பார்க்காமலே சொன்னார். "இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை போயிருந்தா நானே எடைக்குப் போடச் சொல்லியிருப்பேன்."

நான் அப்போது அத்தானைத்தான் பார்த்தேன். வண்டி பிழைத்தது என்று கேட்ட அந்த முகத்தில் இருந்தது ஏமாற்றம். சந்தேகமே இல்லை. வண்டி செத்து நோட்டு சரியாக இருந்திருந்தால் அந்த மனிதர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அக்காவின் இரண்டு வருஷ விடியல்கள், அந்த நூற்று நாற்பது விரிப்பு, எதுவும் அவர் கணக்கில் இல்லை. அவரைச் சின்ன மனிதர் என்று முன்பே நினைத்திருக்கிறேன். எவ்வளவு சின்னவர் என்று அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. எண்ணெயை வண்டி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கம்பியை அக்காவிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார் மோப்பம். "வெறும் வண்டி எல்லா மேடும் ஏறும். சுமையோட ஏறணும்," என்று சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஈர விரிப்பு நூற்று நாற்பதையும் ஏற்றினோம். ஈரத் துணியின் கனம் தனி. அத்தான் வரவில்லை. இரும்புக்காரன் வருவான், இருக்க வேண்டும் என்றார்.

முதல் வளைவில் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவதிலிருந்து மூன்றாவது மாறியது. மாறியதே தெரியவில்லை, இன்ஜினின் குரல் மட்டும் ஒரு படி இறங்கியது. வேகத்தை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. உச்சியில் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது, "மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட காட்டுங்க," என்றார் மோப்பம். "நடுவுல யாரும் கம்பியைத் தொட வேணாம்."

"யாரும்னா ஒருத்தர்தான்," என்றாள் அக்கா. "அதை நான் பாத்துக்கறேன்."

மோப்பத்தைப் பட்டறையில் இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது மணி நாலரை. பழைய இரும்புக்காரர் வாசலில் தன் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். அத்தான் பக்கத்தில் நின்று வண்டியின் எடையைப் பாகம் பாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வண்டியைத் தெருவில் திருப்பி, ரிவர்ஸ் போட்டாள். யோசிக்கவே இல்லை, அந்த நொடியே பின்னால் நகர்ந்து கொட்டகைக்குள் போய் நின்றது.

"இது ஓடுதே," என்றார் இரும்புக்காரர்.

"ஓடுது. ஆனா..." என்றார் அத்தான்.

"ஓடற வண்டியை எடைக்கு எடுப்பீங்களாண்ணே?" என்றாள் அக்கா.

"மனசு வராதும்மா." அவர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். "இவ்வளவு தூரம் வந்துட்டேன். வேற ஏதாவது பழசு கிடக்குதா வீட்ல?"

அக்கா அத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கு. தராசுல வச்சா தராசைத்தான் தப்பு சொல்லும்."

லாரி போன பிறகு அவள் நேராகக் கூடத்துக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். குறடு, முத்திரைக் கம்பி, ஒரு ஈயத் துண்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கியர்பெட்டி அளவுக்கம்பியின் வளையத்தில் முத்திரைக் கம்பியைக் கோத்து, கீழே குழாயைப் பிடித்திருந்த தகட்டின் ஓட்டையிலும் கோத்து, இரண்டு முனையையும் ஈயத்துக்குள் விட்டு ஒரே அழுத்து அழுத்தினாள். ஈயத்தில் இலாகாவின் முத்திரை அச்சாகப் பதிந்தது. அந்தக் குறட்டைத் தன் துணிக்கணக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். 

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கைக்குட்டையும் நோட்டுமாக வந்து பானெட்டைத் திறந்தார். குனிந்தார். அப்படியே நின்றார். வெறும் கையால் முறுக்கினால் அறுந்துவிடுகிற கம்பி அது. கையைக் கொண்டுபோனார், தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது எடுத்துக்கொண்டார். வேறு யாருடைய அறிவுரையும், எந்தக் கம்பெனிக்காரன் அடித்த எழுத்தும் தடுக்க முடியாத அந்த மனிதரை இரண்டு பைசா பெறாத ஈயம் தடுத்தது. பானெட்டை மூடினார்.

திங்கட்கிழமை ஐந்து நாற்பதுக்கு வண்டி கிடங்கு வாசலில் நின்றது. கிடங்குக்காரர் விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டு, "சொன்ன மாதிரி வந்துட்டீங்க," என்றார், அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதும்.

இப்போது தெருவில் அத்தான் சொல்லிக்கொண்டு திரிவது வேறு கதை. தான் தேதி போட்டு எழுதி வைத்திருந்ததால்தான் மெக்கானிக்கால் நோயைக் கண்டுபிடிக்க முடிந்ததாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

நான் ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த நீண்ட நோட்டு கூடத்து மேஜையில் திறந்து கிடந்தது. பழைய பக்கங்களுக்குப் பிறகு ஒரு பக்கம் காலியாக விட்டு, புதிதாக ஆரம்பித்திருந்தார். இரண்டு ஞாயிறு, இரண்டு தேதி. இரண்டுக்கும் நேராக ஒரே வரி, அதே அடக்கமான கையெழுத்தில்: 'முத்திரை சரியாக உள்ளது.'